ஒரு தலைவன், பல வழக்குகள் : தமிழ்த் துப்பறியும் நாவலின் தொடர்மரபு

1. முன்னுரை

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் தொடங்கிக் கமலாம்பாள் சரித்திரம், பத்மாவதி சரித்திரம் ஆகியவற்றைச் சுட்டி, அங்கிருந்து கல்கியின் காலத்திற்குத் தாவுவர். இடைப்பட்ட முப்பது நாற்பது ஆண்டுகளில் தமிழ் மக்கள் எதனைப் படித்தனர் என்னும் வினா அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அக்காலத்தில் மிகுதியாக விற்பனையானவையும், கை மாறி மாறிப் படிக்கப்பட்டவையும், மேடையிலும் பின்னர்த் திரையிலும் ஏறியவையும் துப்பறியும் நாவல்களே. அவற்றை 'மலிவு நூல்கள்', 'பொழுதுபோக்கு நூல்கள்' என ஒதுக்குவது ஆராய்ச்சியாளரிடை வழக்காகிவிட்டது.

அவ்வாறு ஒதுக்குவதற்குக் காரணமான அளவுகோலே பொருந்தாதது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். துப்பறியும் இலக்கியத்தில் ஆராய்ச்சிக்குரிய அலகு தனி நூல் அன்று. ஒரே தலைவனைக் கொண்டு தொடர்ந்து வரும் நூல்வரிசையே அலகாகும். இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டால், இந்நூல்களின் குறைகள் எனப்படுவன சில குறைகளாகத் தோன்றா. இதுகாறும் கருதப்படாத ஒரு சமுதாய வரலாறும் புலனாகும்.

2. பொருநையாற்றங்கரையின் இரு நாவலாசிரியர்

திருநெல்வேலிச் சீமை தமிழ் நாவலுக்கு ஒரே தலைமுறையில் இருவரை அளித்தது. 1872இல் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா ஒருவர், 1875இல் பிறந்தவரும் பாளையங்கோட்டையைச் சார்ந்தவருமான ஜே. ஆர். ரங்கராஜு மற்றொருவர். முன்னவரின் பத்மாவதி சரித்திரம் 1898இலும், பின்னவரின் இராஜாம்பாள் 1908இலும் வெளிவந்தன. இருவரும் தம் காலத்துக் குடும்ப வாழ்வின் கொடுமைகளை எழுதியவர்கள். இருவரும் பெண்ணின் மணவாழ்வைப் பற்றிக் கவலை கொண்டவர்கள். எனினும் மாதவையா பாடத்திட்டங்களில் இடம்பெற்றார். ரங்கராஜுவின் பெயரை முதுகலை மாணவர் பலரும் கேட்டதுகூட இல்லை.

இவ்வேறுபாடு இக்கட்டுரையாளனின் உள்ளத்தில் பதிந்தது நூலகத்தில் அன்று, பத்தமடையில். திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே, சேரன்மாதேவிக்கு அண்மையில் உள்ள அவ்வூர் கோரைப்பாய்க்குப் பெயர்பெற்றது. அங்கே உறவினர் வீட்டு மச்சில், பழம்பாய்ச் சுருளொன்றுக்குள் வைக்கப்பட்டிருந்த சில நாவல்களை இளமையில் காண நேர்ந்தது. அவற்றுள் ஒன்று இராஜாம்பாள். முன்னட்டையும் இல்லை, இறுதிப் பக்கங்களும் இல்லை. கதையின் முடிவு என்னவென்று வீட்டிலிருந்த பெரியம்மையாரிடம் வினவியபோது, அவர் அடுப்படியிலிருந்து எழாமலே முடிவு முழுவதையும் சொன்னார். பிறகு, "கோவிந்தன் வாற மத்தக் கதையும் இருக்குல்லா, அதையும் படி" என்றார். அவர் ஆசிரியரின் பெயரைச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. அவருடைய நினைவில் அந்நூல்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவன் துப்பறியும் கோவிந்தன்.

பாய் நெய்வோர் பருத்தி நூலால் பாவோட்டி, அதன் ஊடே கோரையைச் செலுத்துவர். கோரையின் நிறமும் அணியும் பாய்க்குப் பாய் மாறும். பாவு கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் பாவின்றிப் பாய் இல்லை. தொடர் நாவல்களில் வழக்குகள் கோரையைப் போல்வன. தலைவன் பாவைப் போல்வான். தனி நூலை மட்டும் எடுத்துத் 'தலைவனின் குணச்சித்திரம் வளரவில்லை' எனக் குறை கூறுவது, ஒரு சாண் பாயைக் கிழித்தெடுத்து அதில் நூல் தெரியவில்லை என்பதனோடு ஒக்கும்.

3. மரபின் வேர்

துப்பறியும் நாவல் மேனாட்டிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. அமெரிக்கராகிய எட்கர் ஆலன் போ 1841இல் துப்பின் என்னும் ஆய்வாளனைப் படைத்தார். ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் தோன்றி, 1891 முதல் ஸ்டிராண்டு இதழில் மாதந்தோறும் வந்து உலகப்புகழ் எய்தினான். ஒவ்வோர் இதழிலும் கதை முடிந்துவிட வேண்டும். ஆயினும் படிப்பவர் அடுத்த இதழையும் வாங்க வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்ததே தொடர்தலைவன் என்னும் உத்தியாகும். 1893இல் ஹோம்ஸை மாய்த்த ஆசிரியர், வாசகரின் வேண்டுகோளால் 1903இல் அவனை உயிர்ப்பிக்க நேர்ந்தமை, அத்தலைவன் ஆசிரியரினும் வாசகருக்கே உரியவனாகிவிட்டான் என்பதைக் காட்டும்.

ஆயினும் வித்து விழுந்த நிலம் வெறுநிலம் அன்று. வழக்குகளை ஒருவனே மதிநுட்பத்தால் தீர்ப்பதாகத் தொடுக்கப்பட்ட மரியாதை இராமன் கதைகள் தமிழ் மக்கள் நன்கறிந்தவை. ஒரு தலைவன், பல வழக்குகள் என்னும் அமைப்பு அங்கே முழுமையாக உளது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரல்களாக இருந்த வேறுபாடே கோவலன் கள்வன் அல்லன் என்பதை மெய்ப்பித்தது. பொருளே சான்றாகி வாய்மொழியை வெல்லும் இம்முறை, துப்பறியும் நாவலின் உயிர்நாடியாகும். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் துறவியின் தோற்றத்தில் சென்று ஆராய்தலையும், ஓர் ஒற்றன் கூறியதைப் பிறிதோர் ஒற்றனால் ஒப்புநோக்குதலையும் கூறுகின்றது. மாறுவேடமும் சான்றின் ஒப்பீடும் தமிழ் வாசகருக்குப் புதியன அல்ல.

'துப்பு' என்னும் சொல்லின் வரலாறும் கருதத்தக்கது. பழைய இலக்கியங்களில் வலிமை, உணவு, பவளம் முதலிய பொருள்களில் வழங்கிய இச்சொல், பிற்காலத்தில் உளவு என்னும் பொருளையும் ஏற்று, 'துப்பறிதல்' என்னும் தொடரால் ஒரு புதிய இலக்கிய வகைக்கே பெயராயிற்று. பிறமொழிச் சொல்லை நாடாமல் தமிழ் தன் சொல்லையே இதற்கு அளித்தது.

4. தழுவலும் தமிழாக்கமும்

தமிழில் இவ்வகையின் தொடக்கமாகப் பண்டித ச. ம. நடேச சாஸ்திரியின் தானவன் கதைகளைக் குறிப்பது மரபு. தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்களை விரிக்கும் அந்நூல் 1894இல் வெளிவந்தது. முதல் தமிழ் நாவல் தோன்றிப் பதினைந்தே ஆண்டுகளில், ஒரே தலைவனின் பல வழக்குகள் தமிழில் வந்துவிட்டன. 'தானவன்' என்னும் பெயர், அக்காலத்து ஆங்கிலக் கதைகளில் புகழ்பெற்றிருந்த டிக் டானவன் என்னும் துப்பறிவாளனின் பெயரொலியை நினைவூட்டுவதும் நோக்கத்தக்கது. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவராக அறியப்படும் நடேச சாஸ்திரியே இவ்வகைக்கும் வழிவகுத்தார் என்பது, வாய்மொழிக் கதைக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவை உய்த்துணர வைக்கும்.

அடுத்து வந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆனந்தபோதினி இதழின் வழியாகவும் தனி நூல்களின் வழியாகவும் ரெயினால்ட்ஸ், கோனன் டாயில் முதலியோரின் கதைகளைத் தமிழ்ப்பெயரும் தமிழிடமும் இட்டு அளித்தார். அவருடைய துப்பறிவாளனாகிய ஆனந்தசிங் ஷெர்லாக் ஹோம்ஸின் தமிழ் வடிவம். இதனைக் கொண்டு அவரைத் 'தழுவலாளர்' எனத் தள்ளுவது எளிது. 1930களில் மணிக்கொடிக் குழுவினரிடையே தழுவலா, மொழிபெயர்ப்பா என்னும் கருத்துப்போர் எழுந்த பின்னர் அவ்வாறு தள்ளுவதே விமரிசனம் என்றாயிற்று. ஆனால் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் நாவல் ஒன்றைத் தழுவிக் குமுதவல்லி நாகநாட்டரசியை இயற்றினார் என்பதை நினைவுகொள்ளல் வேண்டும். உரைநடையில் நெடுங்கதை கூறும் முறையைத் தமிழ் கற்றுக்கொண்ட காலத்தில் தழுவல் ஒரு பயிற்சிப் பள்ளி. அதனை இழிவாகக் கருதுதல் வரலாற்று நோக்கு ஆகாது.

இத்தகைய வளர்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியில் கோபால்ராம் கஹ்மரி 1900ஆம் ஆண்டளவில் துப்பறியும் கதைகளுக்கெனவே ஜாசூஸ் என்னும் இதழைத் தொடங்கினார். வங்காளத்தில் சரதிந்து வந்தியோபாத்தியாயரின் வியோம்கேஷ் 1932 முதல் வலம்வந்தான். உருதுவில் இப்னே சபியின் ஜாசூசி துனியா வரிசை 1952இல் தொடங்கிற்று. வங்காளத்தில் வியோம்கேஷ் கதைகள் இலக்கியமாகவே மதிக்கப்படுகின்றன. தமிழில் அம்மதிப்பு அமையாமைக்குக் காரணம் நூல்களில் மட்டும் இருப்பதாகக் கொள்ளுதல் இயலாது, மதிப்பிட்டோரிடமும் உளது.

5. துப்பறிவாளன் யார்?

தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கினால் ஓர் அரிய உண்மை புலனாகின்றது. உண்மையைக் கண்டறியும் தகுதி எவரிடம் உண்டு என்னும் வினாவிற்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்துள்ளது.

தானவன் போலீஸ் நிபுணன். ஆங்கில ஆட்சி நிறுவிய புதிய காவல் துறையின் அறிவாற்றலை வியக்கும் நோக்கு அங்கே உளது. ரங்கராஜுவின் கோவிந்தன் வழக்குமன்றத்தையும் சட்டத்தையும் சார்ந்தவனே எனினும், அவனுடைய வழக்குகள் வீட்டுக்குள் நுழைகின்றன. பணத்திற்காகவும் பகட்டிற்காகவும் செய்யப்படும் மணங்கள், மடங்களின் ஒழுக்கக்கேடு, பெரிய மனிதரின் இரட்டை வாழ்வு ஆகியவை அங்கே குற்றத்தின் வேர்களாகக் காட்டப்படுகின்றன. சந்திரகாந்தா ஒரு மடத்தலைவரின் சீர்கேட்டைத் துணிந்து காட்டிய நாவல். 1936இல் அது திரைப்படமாகவும் வந்தது. சீர்திருத்த நாவல் என்று மாதவையாவைப் போற்றும் நாம், அதே சீற்றத்தைத் துப்பறியும் வடிவில் கண்டால் மறுப்பது முறையன்று.

வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் வேறு வகையினர். அவர் எவ்வலுவலகத்தையும் சாராதவர், துறவி. கும்பகோணம் வக்கீல் நாவலில் சட்டம் கற்ற வழக்கறிஞரே குற்றவாளியாக நிற்க, சாமியார் பல வேடங்களில் சென்று அவரை வெளிப்படுத்துகின்றார். சட்டத்தை அறிந்தவர் சட்டத்தைப் பிறழச்செய்யும் காலத்தில், அதற்கு வெளியே நிற்கும் ஒருவரே உண்மையை மீட்க வல்லவர் என்னும் ஐயவுணர்ச்சி இதனுள் உளது. இந்நாவலைத் தழுவி 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த திகம்பர சாமியார் படத்தில் எம். என். நம்பியார் தலைவராக நடித்தார்.

1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு இம்மரபைத் தலைகீழாக்கிற்று. சாம்பு மதிநுட்பம் உடையவன் அல்லன். அவன் செய்யும் பிழைகளே அவனை வெற்றிக்கு இட்டுச் செல்கின்றன. காவல் துறையின் இன்ஸ்பெக்டர் கோபாலன் அவனை மேதை என்றே நம்புகின்றார். துப்பறிவாளனை நகைக்கு உரியவனாக்க வேண்டுமாயின், அவ்வகையின் இலக்கணத்தை வாசகர் முன்னரே நன்கு அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் சாம்புவின் வெற்றி, கோவிந்தனும் திகம்பர சாமியாரும் தமிழ் வாசகரிடம் ஆழ வேரூன்றியிருந்தமைக்குச் சான்றாகும்.

விடுதலைக்குப் பின்னர்த் தமிழ்வாணன் படைத்த சங்கர்லால், தேநீர் அருந்தியவாறு சிந்திப்பவர், நாகரிகமானவர், உலகெங்கும் சென்று வெல்பவர். தன்னம்பிக்கை கொண்ட புதிய குடிமகனின் கனவு அவர். கல்கண்டு இதழைப் படித்த இளைஞர்க்கு எளிய, தெளிந்த தமிழ்நடையைப் பழக்கியதில் சங்கர்லாலுக்குப் பங்குண்டு. 1968இல் சுஜாதாவின் நைலான் கயிறு வழியாகத் தோன்றிய கணேஷ் வழக்கறிஞன். பின்னர் வசந்த் அவனோடு இணைந்தான். கும்பகோணத்து வக்கீல் குற்றவாளியாக நின்ற மரபில், அரை நூற்றாண்டுக்குப் பின் வழக்கறிஞனே துப்பறிவாளன் ஆனான். போலீஸ், துறவி, பேதை, கனவான், வழக்கறிஞன் என்னும் இவ்வரிசை தமிழ்ச் சமுதாயம் எவரை நம்பிற்று என்பதன் வரலாறு அன்றோ? இவ்வரலாறு எந்த ஒரு தனி நாவலிலும் இல்லை. தொடர்களை அடுத்தடுத்து வைத்தாலன்றித் தோன்றாது.

6. இரு வகைத் தொடர்களும் படிக்கும் முறையும்

தொடர்களை இரண்டாகப் பகுக்கலாம். தலைவன் மாறாத தொடர் ஒன்று. தலைவன் வளரும் தொடர் மற்றொன்று. சங்கர்லாலுக்கு மூப்பில்லை. அவ்வரிசையில் எந்நூலையும் முதலில் படிக்கலாம். வாசகன் நாடுவது மாறாமையையே. நாள்தோறும் அதே திண்ணையில் அமரும் நண்பனைக் காணச் செல்வதைப் போன்ற இன்பம் அது. சாம்புவோ மணம் செய்துகொள்கின்றான். வேம்புவுக்குக் கணவன் ஆகின்றான். அவன் புகழ் வளர வளர நகைச்சுவையும் அடுக்கடுக்காக வளர்கின்றது. அதனை முறையே படித்தல் நன்று. கணேஷ் முதலில் தனித்தவன். வசந்தின் வருகைக்குப் பின்னர் உரையாடலின் போக்கே மாறுகின்றது. ஆகவே அவ்வரிசையையும் காலமுறையில் படித்தால்தான் ஆசிரியரின் நடை வளர்ந்த வகை விளங்கும்.

முதுகலை மாணவர் 'எங்கே தொடங்குவது?' என வினவின், இக்கட்டுரையாளன் கூறும் விடை வருமாறு. துப்பறியும் கதையைப் படித்துப் பழகாதவர் சாம்புவில் தொடங்குக. நகைச்சுவை ஐயத்தைப் போக்கும். அடுத்துக் கும்பகோணம் வக்கீலைப் படிக்க. அதன் நீண்ட வருணனைகளும் அறவுரைகளும் இக்கால வாசகரைச் சிறிது சோர்விக்கும். ஆயினும் ஐம்பது பக்கங்கள் கடந்தபின் கதை தானே இழுத்துச் செல்லும். பிறகு இராஜாம்பாளுக்குத் திரும்புக. வேர் அங்கே உளது. நிறைவாகச் சுஜாதாவின் கொலையுதிர் காலத்தைப் படிக்க. அறிவியல் விளக்கமா, ஆவியா என்னும் வினாவை அந்நாவல் முடிவிலும் முற்றத் தீர்த்துவிடவில்லை. தீர்வு தருவதையே இலக்கணமாகக் கொண்ட ஒரு வகை, தீராமையையும் இன்பமாக்கக் கற்றுக்கொண்ட நிலையை அங்கே காணலாம்.

இவ்வகையின் குறைகளை மறைப்பதற்கில்லை. விரைந்து எழுதப்பட்டமையால் நடை தளர்ந்த நூல்கள் பல. பெண்களைக் காப்பாற்றப்படுவோராகவே காட்டும் போக்கு முற்பட்ட தொடர்களில் மிகுதி. தற்செயல் நிகழ்ச்சிகளால் முடிச்சு அவிழ்வதும் உண்டு. 1980களில் மாத நாவல்கள் பெருகியபோது ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா என இணைகள் தோன்றிப் பெண்ணும் துப்பறியும் பணியில் பங்கேற்றாள். ஆயினும் மாதம் தவறாமல் எழுத வேண்டிய நெருக்கடியால் கூறியது கூறலும் மிகுந்தது. குறைகளைச் சுட்டுவதற்கும் நூல்களைப் படித்தல் வேண்டும். படியாமல் ஒதுக்குதல் திறனாய்வு ஆகாது.

7. இழப்பும் கடமையும்

இந்நூல்களைப் பற்றிய ஆராய்ச்சி விரைந்து செய்யப்பட வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. மதிக்கப்பட்ட நூல்கள் அலமாரியில் வாழ்ந்தன. விரும்பப்பட்ட நூல்கள் கைகளில் தேய்ந்தன. பலர் படித்ததனாலேயே இவை அழிந்தன. 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூற்பதிவுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் காலாண்டுதோறும் வெளியிடப்பட்ட நூற்பட்டியல்கள், ஒவ்வொரு நூலின் பெயர், ஆசிரியர், விலை, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தருகின்றன. அப்பட்டியலில் பெயராக மட்டும் எஞ்சியிருக்கும் நாவல்களைத் தேடுவதே ஒரு துப்பறியும் பணியாகும். நூல்களை நூலகங்களுக்குக் கட்டாயமாக அனுப்பும் சட்டம் 1954இல்தான் வந்தது. 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வேறுபாடின்றித் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டது. உயர்ந்தது, தாழ்ந்தது என்று அவர் பிரித்திருப்பாராயின், இன்று அக்காலத்து வாசிப்பை அறிய நமக்கு வழியே இல்லாது போயிருக்கும்.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் நாவலும் வாசிப்பும் என்னும் ஆய்வு நூல், தமிழ் நாவல் வரலாற்றில் வாசகரையும் கருதவேண்டும் என்பதை வற்புறுத்தியது. அவ்வழியில் செய்யத்தக்க பணிகள் பல. ஒவ்வொரு தலைவனுக்கும் நூல்வரிசை அட்டவணை வகுத்தல், பதிப்புகளை ஒப்பிடுதல், நாடகமாகவும் திரைப்படமாகவும் மாறியபோது கதை உற்ற மாற்றங்களை ஆராய்தல், இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் ஆகியன அவற்றுள் சில. இறுதியிற் கூறியதே முதலில் செய்யத்தக்கது. நூல் அழியினும் எங்கோ ஒரு படி கிடைக்கலாம், நினைவுக்கு மறுபடி இல்லை.

8. முடிவுரை

துப்பறியும் தொடர் நாவல் தமிழுக்கு அயலிலிருந்து வந்து, தமிழின் பழைய கதைமரபோடு கலந்து, தமிழ் மக்களின் நம்பிக்கையும் ஐயமும் மாறிய வகையைப் பதிவு செய்துள்ளது. அதனைத் தனி நூலாக அளப்பது பொருந்தாது. தொடராக அளத்தல் வேண்டும். அவ்வாறு அளக்குங்கால், பாளையங்கோட்டை ரங்கராஜு பெருங்குளத்து மாதவையாவுக்கு அருகே வைத்து எண்ணத்தக்கவர் ஆவார்.

பத்தமடை மச்சில் கண்ட இராஜாம்பாளின் இறுதிப் பக்கங்களைப் பிற்காலத்தில் வேறொரு படியில் காண வாய்த்தது. பெரியம்மையார் அடுப்படியிலிருந்து கூறிய முடிவும் அச்சில் இருந்த முடிவும் பெரிதும் ஒத்திருந்தன. இரண்டோர் இடங்களில் மட்டும் அவர் கோவிந்தனுக்கு ஆசிரியர் தந்ததினும் சற்று மிகுந்த புகழைத் தந்திருந்தார். அவர் இன்று இல்லை. கோவிந்தனின் பிற வழக்குகளை அவர் எவ்வாறு கூறியிருப்பார் என்பதை அறியவும் இனி வழியில்லை.